2147483647 பிரைம்னு கம்ப்யூட்டர் இல்லாம போர்டுலயே நிரூபிக்க முடியுமா?

சூரமங்கலம்_டியூஷன்:

எல்லாருக்கும் வணக்கம். சூரமங்கலத்துல வீட்டு மாடியில கணக்கு டியூஷன் எடுக்கிறேன், பத்தாவதும் பதினொண்ணாவதும், ரெண்டு பேட்ச்சும் சேத்து நாப்பது பசங்க. பதினொண்ணாவதுல கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த பொண்ணு ஒருத்தி நோட்டு ஓரத்துல 2147483647ன்னு எழுதிட்டு வந்து, மிஸ் சி பிளஸ் பிளஸ்ல இன்ட்டுல வைக்கக்கூடிய பெரிய நம்பர் இதுதானாம், இது பிரைமா மிஸ்னு கேட்டா. ஆமாம்மா, இது 2^31 - 1, இப்படி 2ஓட பவர்ல 1 கழிச்சு வர்ற பிரைமுக்கு மெர்சென் பிரைம்னு பேரு, 1772லயே யூலர் நிரூபிச்சிட்டாருன்னு சொன்னேன். அதோட விடல. அப்ப கம்ப்யூட்டரே கிடையாதே மிஸ், அவரு எப்படி கண்டுபிடிச்சாருன்னு அடுத்த கேள்வி.

நியாயமான கேள்விதான். இதோட வர்க்கமூலம் 46340 சொச்சம் வருது. அது வரைக்கும் இருக்கிற பிரைமே நாலாயிரத்து எழுநூறுக்கு மேல. ஒவ்வொண்ணா வகுத்துப் பாக்க பசங்களால ஆகாது, நெட்ல போட்டிருக்கு நம்பிக்கோன்னு சொல்லவும் எனக்கு மனசு வரல. பசங்களே கையால செஞ்சு முடிக்கிற மாதிரி வழி ஏதாவது இருக்கா? மாடுலோ, அதாவது வகுத்து மீதிய மட்டும் பாக்கிற கணக்கு, தெரியும், பத்தாவது புக்குல ரெண்டாவது பாடத்துலயே வருது. அதுக்கு மேல என்ன சொல்லிக் குடுக்கணும்னு யாராவது சொன்னீங்கன்னா நல்லாருக்கும்.

ஐந்துரோடு_டெவலப்பர்:

டீச்சர், பைத்தான்ல நாலு வரி எழுதி லூப் விட்டா கண் மூடித் தொறக்குறதுக்குள்ள பிரைம்னு சொல்லிடும், ஆனா நீங்க கேக்குறது அது இல்லன்னு புரியுது. கையால செய்யற வழிய கணக்கு படிச்சவங்க சொல்லட்டும், நான் அந்தப் பொண்ணுக்காக ஒண்ணு சொல்றேன்.

இன்ட்டுக்கு 32 பிட், அதுல ஒண்ணு பிளஸ் மைனஸுக்குப் போயிடும், மீதி 31 இடத்துலயும் 1 போட்டா இந்த நம்பர். இது பிரைமா அமைஞ்சது தற்செயல்தான். பழைய 16 பிட்ல பெரிய நம்பர் 32767, அது 7 × 31 × 151. இப்ப 64 பிட்ல வர்ற 9223372036854775807ம் பிரைம் இல்ல, 7ஆல வகுபடும். ஏன்னு பசங்களுக்கு பைனரில காட்டுங்க, 63 ஒண்ணு வரிசையா நிக்குது, அத மூணு மூணா வெட்டினா ஒவ்வொரு துண்டும் 111, அதாவது 7, அப்ப மொத்தமும் 7ஆல வகுபட்டுதானே ஆகணும். 31ஐ அப்படி சமமா வெட்டவே முடியாது. பவர்ல இருக்கிறது பிரைமா இல்லாட்டி நம்பரும் பிரைமா வராதுங்கிறது இதுலயே வந்துடுது.

இன்னொண்ணு, 1970 ஜனவரி 1ல இருந்து செகண்ட எண்ணிக்கிட்டு வர்ற பழைய சிஸ்டம் எல்லாம் இந்த நம்பர தொடுறது 2038 ஜனவரி 19, நம்ம டைம் காலைல 8 மணி 44 நிமிஷம் 7 செகண்ட். அதுக்கு அடுத்த செகண்ட் மைனஸுக்குப் போயிடும். உங்க பசங்க வேலைக்குப் போற காலத்துல வர்ற பிரச்சனை, கண்டிப்பா சொல்லுங்க.

ஏற்காடு_எஸ்டேட்_ரைட்டர்:

டீச்சர், முடியும். தாராளமா முடியும். யூலர் போன வழியிலயே உங்க நாப்பது பசங்கள வச்சு ரெண்டு கிளாஸ்ல முடிச்சிடலாம். நான் எம்எஸ்சி கணக்கு முடிச்சிட்டு இங்க காப்பி எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு எழுதறேன், இந்த மாதிரி கேள்வி பாத்தா கை சும்மா இருக்காது, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

விஷயம் என்னன்னா, 2^31 - 1 ஐ எந்த பிரைம் வேணா வகுத்துட முடியாது. வகுக்கணும்னா அந்த பிரைம் ஒரு குறிப்பிட்ட அச்சுல இருந்தாகணும். அந்த அச்சுல இல்லாதத எல்லாம் தொடவே வேண்டாம்.

ஏதோ ஒரு பிரைம் இத மீதி இல்லாம வகுக்குதுன்னு வச்சுக்குவோம், அத வகுத்தின்னே சொல்றேன். 1ல ஆரம்பிச்சு ரெண்டால பெருக்கிட்டே போங்க, ஒவ்வொரு தடவையும் வகுத்தியால வகுத்து மீதிய மட்டும் வச்சுக்கங்க. 31வது பெருக்கல்ல மீதி திரும்ப 1க்கே வந்து நிக்கும், ஜங்ஷன்ல கிளம்பின டவுன் பஸ் 31 ஸ்டாப் சுத்திட்டு ஜங்ஷனுக்கே வந்து நிக்கிற மாதிரி. நடுவுலயே 1 வந்துடாதான்னு கேப்பாங்க. வந்தா அந்த சின்ன சுத்தோட நீளம் 31ஐ வகுக்கணும், 31 பிரைம், அதனால வழி இல்ல. இப்ப 1க்கு பதிலா 3ல கிளம்புங்க, 5ல கிளம்புங்க, அப்பவும் 31 ஸ்டாப்தான். ஒரு சுத்துல இருக்கிற மீதி இன்னொரு சுத்துல இருக்காது. ஆக பூஜ்யத்த விட்டா பாக்கி இருக்கிற மீதி எல்லாம் 31 31 கூட்டமா மிச்சமில்லாம பிரிஞ்சிடுது. அப்படின்னா வகுத்தில இருந்து 1 கழிச்சா 31ஆல வகுபடணும். வகுத்தி ஒத்தப்படை, அதனால 2ஆலயும் வகுபடணும். முடிஞ்சுது, வகுத்தி 62ஓட மடங்கு கூட 1ங்கிற அச்சுலதான் இருக்க முடியும். 46340 வரைக்கும் அப்படி இருக்கிறது வெறும் 747 எண்.

இன்னொரு சல்லடையும் இருக்கு. 2^31க்கு மீதி 1னா 2^32க்கு மீதி 2. ஆனா 2^32ங்கிறது 65536ஓட ஸ்கொயர். அதாவது இந்த வகுத்திக்கு ஏதோ ஒரு ஸ்கொயர் மீதி 2 குடுக்குது. அப்படி குடுக்கிற பிரைம் எல்லாம் 8ஆல வகுத்தா மீதி 1 இல்லாட்டி 7 தான் வரும். சின்னதுல பாருங்க, 7க்கு 3 × 3 = 9, மீதி 2. 17க்கு 6 × 6 = 36, மீதி 2. 23க்கு 5 × 5 = 25. 31க்கு 8 × 8 = 64. 3, 5, 11, 13 இதுங்களுக்கு என்ன ஸ்கொயர் போட்டாலும் 2 வராது, பசங்கள தேடிப் பாக்கச் சொல்லுங்க. இந்த ரெண்டு நிபந்தனையும் சேத்தா மிச்சம் நிக்கிறது 248ஓட மடங்கு கூட 1, இல்லாட்டி 248ஓட மடங்கு கூட 63. 46340க்குள்ள எண்ணிப் பாத்தா 1 சேத்த கூட்டத்துல 186, 63 சேத்த கூட்டத்துல 63ஐயே விட்டுட்டா இன்னொரு 186, மொத்தம் 372. ஒரு பையனுக்கு ஒம்போது பத்து எண்தான் வரும்.

வகுக்கிறதுக்கும் பத்து இலக்க எண்ண எடுத்துக்க வேண்டாம். 65536ஐ வகுத்து மீதி எடுங்க, அந்த மீதிய ஸ்கொயர் பண்ணி திரும்ப மீதி எடுங்க. 2 வந்தா வகுபடுது, வேற எது வந்தாலும் வகுபடாது. 311க்கு மீதி 226, அதோட ஸ்கொயர் 51076, அதுக்கு மீதி 72. 2 இல்ல, அடிச்சிடுங்க. 1303க்கு மீதி 386, ஸ்கொயருக்கு மீதி 454, அதுவும் போச்சு. 1489க்கு மீதி வெறும் 20, ஸ்கொயர் 400, அங்கயே முடிஞ்சுது. 372ஐயும் இப்படி அடிச்சிட்டா எண் பிரைம், யாரையும் நம்ப வேண்டியதில்ல.

அம்மாபேட்டை_ஸ்டூடண்ட்:

ரைட்டர் அண்ணா சூப்பரா சொன்னீங்க. ஒரு டவுட், 2^2 - 1 = 3, 2^3 - 1 = 7, 2^5 - 1 = 31, 2^7 - 1 = 127 எல்லாமே பிரைம். அப்ப பவர்ல பிரைம் போட்டா எப்பவுமே பிரைம்தானே வரும், 31க்கு மட்டும் எதுக்கு இவ்ளோ செக் பண்ணணும்?

குகை_பழைய_வாத்தியார்:

தம்பி, அப்படி நெனச்சு ஏமாந்தவங்க நிறைய. அடுத்த 11லயே அறுந்து போகுது, 2^11 - 1 = 2047 = 23 × 89. அந்த ரெண்டுமே 22ஓட மடங்கு கூட 1, ஏற்காட்டுக்காரர் சொன்ன அதே அச்சு. இத்தாலில கட்டால்டின்னு ஒருத்தர் பவர்ல 17, 19 போட்டா வர்ற ரெண்டு எண்ணையும் பொறுமையா வகுத்து வகுத்தே பிரைம்னு சரியா காட்டினார், ஆனா 1603ல வந்த புத்தகத்துல பவர்ல 23, 29, 31, 37 போட்டா வர்றதும் பிரைம்தான்னு எழுதிட்டார். அதுல 31 மட்டும்தான் தேறிச்சு. 23க்கு 47ம், 37க்கு 223ம் வகுத்தியா இருக்கறத 1640ல ஃபெர்மா கண்டுபிடிச்சார், 29க்கு வர்ற எண்ண 233 வகுக்குதுன்னு யூலர் காட்டினார். 233ஐ எடுத்துப் பாரு, 58 × 4 + 1.

மெர்சென் பாதிரியார் 1644ல எந்தெந்த பவர் போட்டா பிரைம் வரும்னு ஒரு பட்டியலே போட்டார், அதுல 67ம் 257ம் தப்பு, 61, 89, 107 மூணும் விட்டுப் போச்சு. 67 பத்தி ஒண்ணு சொல்லணும், டீச்சர் கிளாஸ்ல சொல்ல வேண்டிய விஷயம். 2^67 - 1 பிரைம் இல்லன்னு 1876லயே லூக்காஸ் நிரூபிச்சிட்டார், ஆனா எது வகுக்குதுன்னு அவருக்குத் தெரியாது! 1903ல அமெரிக்காவுல கணக்கு சங்கத்து கூட்டத்துல கோல்ங்கிறவர் எழுந்து போர்டுக்குப் போய், ஒரு பக்கம் 2^67 - 1ஐ விரிச்சு 147573952589676412927ன்னு எழுதினார், இன்னொரு பக்கம் 193707721 × 761838257287ஐ நீட்டாப் பெருக்கினார், ரெண்டும் ஒண்ணா வந்துச்சு, வாயே தொறக்காம போய் உக்காந்துட்டார்னு சொல்லுவாங்க. வகுத்தி தெரியாமலே பிரைம் இல்லன்னு எப்படி சொல்ல முடியும்கிறதுதான் எனக்கு இந்த மொத்த சமாச்சாரத்துலயும் ரொம்பப் பிடிச்ச இடம்.

சூரமங்கலம்_டியூஷன்:

ரைட்டர் சார், எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. பசங்களுக்கு எண்களப் பிரிச்சுக் குடுத்துட்டேன். 3, 5, 7 மடங்குகள மொதல்லயே அடிச்சிடலாம் மிஸ், வகுத்தி பிரைமா இருந்தா போதுமேன்னு அவங்களே சொல்லி பாதிக்கு மேல அடிச்சிட்டாங்க, சுமார் 170தான் நின்னுச்சு. 63 சேத்த கூட்டத்துல 2047 வருது, வாத்தியார் ஐயா சொன்ன அதே 2047. அது யார் பங்குல விழுந்துச்சோ அந்தப் பையன் வகுக்கவே இல்ல. 2^11க்கு மீதி 1 மிஸ், அதனால 65536க்கு மீதி 2^5, 32, ஸ்கொயர் 1024, அவ்ளோதான்னு உக்காந்துட்டான். எனக்கு அன்னிக்கு முழுக்க அதே சந்தோஷம்.

குகை ஐயா, வகுத்தி தெரியாமலே சொல்ற அந்த வழிய கொஞ்சம் எழுதுங்களேன். பதினொண்ணாவது பசங்களுக்கு புரியற அளவுக்கு இருக்குமா?

குகை_பழைய_வாத்தியார்:

செய்முறை எட்டாவது பசங்களுக்கே புரியும் டீச்சர், ஏன் அப்படி வருதுங்கிற நிரூபணம்தான் காலேஜ் கணக்கு. லூக்காஸ் ஆரம்பிச்சது, லேமர் 1930ல சீர் பண்ணது. 4ல ஆரம்பிக்கணும். ஸ்கொயர் பண்ணி 2 கழிக்கணும், சோதிக்கிற எண்ணால வகுத்து மீதி எடுக்கணும். இதையே பவர்ல இருந்து 2 குறைச்ச தடவை செய்யணும். கடைசியில பூஜ்யம் வந்தா பிரைம், வராட்டி பிரைம் இல்ல, அவ்வளவுதான் விதி. பவர் 3ல இருந்து மேல இது பொருந்தும்.

127க்கு போர்டுல போட்டுக் காட்டுங்க, பவர் 7, அதனால அஞ்சு தடவை. 4ல இருந்து 14. 14ஐ ஸ்கொயர் பண்ணி 2 கழிச்சா 194. இங்க ஒரு வசதி இருக்கு, 127ஆல வகுக்க வேண்டாம், 128ஆல வகுத்து ஈவையும் மீதியையும் கூட்டினா போதும். 9ஆல வகுத்த மீதிக்கு இலக்கங்களக் கூட்டுறோமே, அதே காரணம். 194ல ஈவு 1, மீதி 66, கூட்டினா 67. 67ஓட ஸ்கொயர்ல 2 போக 4487, ஈவு 35, மீதி 7, ஆக 42. அடுத்து 1762, ஈவு 13, மீதி 98, ஆக 111. அடுத்து 12319, ஈவு 96, மீதி 31, கூட்டினா 127. 127ஆல வகுத்தா பூஜ்யம். பசங்க அந்த பூஜ்யம் விழறதக் கண்ணால பாக்கணும். அப்புறம் 2047க்கும் செய்யச் சொல்லுங்க, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, கடைசியா 1736ல வந்து நிக்கும், பூஜ்யம் இல்ல. 23ஐயும் 89ஐயும் யாரும் சொல்லாமலே 2047 பிரைம் இல்லன்னு தெரிஞ்சு போச்சு பாருங்க.

பைனரில 128ஆல வகுக்கிறதுங்கிறது எண்ண ரெண்டு துண்டா வெட்டிக் கூட்டுறதுதான், மெஷினுக்கு அதவிட சுலபமான வேலை கிடையாது. மெர்சென் எண்கள் மட்டும் மத்த எண்கள விட்டு எங்கயோ முன்னால ஓடுறதுக்கு இதுதான் காரணம். 2024 அக்டோபர்ல கிடைச்ச 2^136279841 - 1க்கு 4,10,24,320 இலக்கம், இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சு பெரிய பிரைம் அதுதான், அதையும் கடைசியா உறுதி பண்ணது இந்த 4ல ஆரம்பிக்கிற வழியிலதான். ஆனா 2147483647க்கு உங்க பசங்க செய்யற 372 வழியே நல்லது, இதுல போனா பத்து இலக்க எண்ண 29 தடவை ஸ்கொயர் பண்ணணும், நடுவுல ஒருத்தர் தப்பு பண்ணா எல்லாமே போச்சு.

அம்மாபேட்டை_ஸ்டூடண்ட்:

புரிஞ்சுது ஐயா. பிரைமா இருக்கறதால இந்த நம்பருக்கு ஏதாவது யூஸ் உண்டா, இல்ல பேருக்குத்தானா?

ஐந்துரோடு_டெவலப்பர்:

உண்டு தம்பி. பல வருஷமா கம்ப்யூட்டர்ல ரேண்டம் நம்பர் வரவைக்க இதத்தான் வச்சிருந்தாங்க. ஒரு நம்பர எடுத்து 16807ஆல பெருக்கி 2147483647ஆல வகுத்து மீதி எடு, அதுதான் அடுத்த நம்பர். 16807ங்கிறது 7^5. இந்த பிரைமுக்கு அப்படி பெருக்கிட்டே போனா 1ல இருந்து 2147483646 வரைக்கும் ஒவ்வொரு மீதியும் ஒரே ஒரு தடவை வந்துட்டுதான் சுத்து முடியும். மேல ரைட்டர் சார் 2ஆல பெருக்கி 31 ஸ்டாப் சுத்து காட்டினாரே, அங்க வகுத்தி எதுவா இருந்தாலும் சுத்து 31தான், இந்த நம்பருக்கும் 2ஆல பெருக்கினா அதே 31தான், ஆனா 16807 போட்டா இரநூத்திப் பதினாலு கோடி ஸ்டாப். அதுக்கு ஏத்த மாதிரி பெருக்கிய எடுக்கணும்னா 2147483646ஓட ஃபேக்டர் எல்லாம் தெரியணும், 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331. என்கிரிப்ஷனுக்கு இது ரொம்ப சின்னது, அங்க 2^521 - 1ங்கிற மெர்சென் பிரைம வச்சு ஒரு எலிப்டிக் கர்வ், அதாவது சாவி உருவாக்கப் பயன்படற ஒரு வளைகோட்டுக் கணக்கு, இருக்கு, அது இன்னிக்கும் புழக்கத்துல இருக்கு.

சூரமங்கலம்_டியூஷன்:

372ம் முடிஞ்சுது, ஒண்ணுக்கும் 2 வரல. ஆளுக்கு ஆள் மாத்தி சரிபாத்துட்டோம். இப்ப அந்தப் பொண்ணு அடுத்த கேள்வியோட நிக்கிறா. 31ஏ 2^5 - 1 தானே மிஸ், அத பவர்ல போட்டு இந்த பிரைம் வந்துச்சு, அப்ப 2147483647ஐயே பவர்ல போட்டா பிரைம் வருமான்னு கேக்குறா. ரைட்டர் சார் இதுக்கும் நீங்கதான் சொல்லணும்.

ஏற்காடு_எஸ்டேட்_ரைட்டர்:

அருமையான பொண்ணு டீச்சர், விட்டுடாதீங்க அவள.

3, 7, 31, 127 நாலையும் பவர்ல போட்டா வர்ற 7, 127, 2147483647, 2^127 - 1 எல்லாமே பிரைம்தான். 2^127 - 1க்கு 39 இலக்கம், 1876ல லூக்காஸ் காட்டினது. ஆனா இந்த நாலத் தாண்டி இன்னொண்ணு இதுவரைக்கும் கிடைக்கல. 8191, 131071, 524287 மூணும் பிரைமா இருந்தும் பவர்ல போட்டா பிரைம் வரல. 2147483647ஐ போட்டா வர்ற எண்ணுக்கு 64 கோடிக்கு மேல இலக்கம், அதுவும் பிரைம் இல்ல, 1983ல வகுத்தி கிடைச்சிடுச்சு, 295257526626031. இத அவ நோட்டுல எழுதிக் குடுங்க, 2 × 68745 × 2147483647 + 1னு பெருக்கிப் பாக்கட்டும், அதே பழைய அச்சு. 64 கோடி இலக்கத்த யாரும் எழுதவே இல்ல, அச்சுல இருக்கிற எண்ண வரிசையா சோதிச்சே புடிச்சது இது.

சரிபாக்கிற முறையும் 65536ல செஞ்சதோட நீட்சிதான். 2ல ஆரம்பிச்சு ஸ்கொயர், மீதி, ஸ்கொயர், மீதின்னு 31 தடவை போனா திரும்ப 2 வரணும். 15 இலக்கம்கிறதால இதுக்கு மட்டும் ஐந்துரோடு தம்பிகிட்ட பைத்தான் கேட்டுக்கங்க. கால்குலேட்டர்லயே செய்யணும்னா 524287ஐ எடுத்துக்கட்டும், அதுக்கு வகுத்தி 62914441, அதாவது 524287ஐ 120ஆல பெருக்கி 1 கூட்டினது. 2, 4, 16, 256, 65536, அடுத்த ஸ்கொயர் 4294967296க்கு மீதி 16785308. இது அஞ்சாவது ஸ்கொயர், அங்கருந்து இன்னும் 14 போகணும். எட்டு இலக்கத்துக்கு மேல கால்குலேட்டர் கடைசி இலக்கத்த முழுங்கிடும், அதனால ஸ்கொயர் பண்ணும்போது எண்ண நாலு நாலு இலக்கமா பிரிச்சுப் பெருக்கச் சொல்லுங்க.